எழுதப்படாத பத்து

1782இல் ஒஸாகாவில் வெளியான 'டோஃபு ஹ்யாகுசின்' என்ற புத்தகத்தில் டோஃபுவைக் கொண்டு செய்யும் நூறு பண்டங்கள் இருக்கின்றன. தொகுத்தவர் அவற்றை ஆறு தரங்களாகப் பிரித்திருக்கிறார். இரண்டாம் தரத்தில் வரும் பத்துக்கு மட்டும் செய்முறை கிடையாது, பெயர்கள்தாம். எல்லாருக்கும் தெரிந்ததை எழுதுவானேன் என்று விட்டுவிட்டார். கியோட்டோவில் ஒரு சமையலறைக்குள் வந்து நிற்கும் அந்நியனுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பத்தைச் சேர்ந்தது.

எனக்குக் கற்றுத்தந்தவர் அடுத்த வீட்டு அம்மாள். எண்பதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். அளவு கேட்டால் பதில் வராது. 'பார்' என்பார். குளிர்ந்த டோஃபுவின் மேல் துருவிய இஞ்சி, நறுக்கிய வெங்காயத்தாள், சீவிய மீன் கருவாடு, சில சொட்டு சோயா: இது ஹியயாக்கோ. கோடையில் சமையல் அவ்வளவுதான். இதைச் சமையல் என்று ஒத்துக்கொள்ளவே தாளிப்பில் வளர்ந்த எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

கடையில் இரண்டு வகை. மோமென் என்றால் பருத்தி. துணி விரித்த பெட்டியில் அழுத்துவதால் நெசவு மேலே பதிந்திருக்கும். கினுகோஷி என்றால் பட்டில் வடித்தது. ஆனால் பட்டு அதன் கிட்டேயே போவதில்லை. கெட்டியான சோயாப்பாலை அப்படியே உறையவிடுகிறார்கள். ஒன்று வர்ணனை, மற்றது உருவகம். நான் மோமென் கட்சி. பிழிந்து, வறுத்த எள்ளோடு உள்ளே வரிவரியாகக் கீறிய மண் உரலில் அரைத்துக் கீரையில் பிசற அதுதான் லாயக்கு.

குளிர்காலத்து யுடோஃபு மேலும் சிக்கனம். மண்சட்டியில் தண்ணீர், அடியில் கொம்பு என்கிற (நம் கொம்பு அல்ல) கடற்பாசித் துண்டு, அதன் மேல் டோஃபு. 1908இல் இகேடா கிகுனாயே என்ற ரசாயனப் பேராசிரியர் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தது இந்தப் பாசியிலிருந்துதான்; அந்த ருசிக்கு உமாமி என்று பெயரிட்டவரும் அவரே. அம்மாளுக்கு இந்த விவரத்தில் அக்கறை இல்லை. அவர் கண் சட்டியை விட்டு நகராது. தளதளவென்று கொதித்தால் டோஃபுவுக்குள் துளை விழுந்து இறுகிவிடும். துண்டு லேசாக அசைந்து எழும்ப எத்தனிக்கும்போது எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்பு உள்ளே சூடில்லை, பின்பு மென்மையில்லை.

டோஃபுவை அவர் பலகையில் நறுக்குவதில்லை. இடது உள்ளங்கையில் ஏந்திக் கத்தியை நேராக இறக்குவார். இழுத்தால்தான் கை அறுபடும். இந்தக் குளிர்காலத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் கத்தியைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். ஈரமும் குளிருமான அந்தக் கட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

இப்போது யுடோஃபு வைப்பது நான். எப்போது எடுப்பதென்று அவர் சொல்கிறார்.