கராஜில் பழகிய கை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியில் கராஜுகளுக்குக் குறைவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு அங்கே சேரும் பையன் முதலில் டயர் கழற்றுவான், ஒயில் மாற்றுவான். என்ஜினைத் திறக்கும் நாள் கராஜ் காக்காவின் மனதைப் பொறுத்தது. கை பழகிவிடும், சான்றிதழ்தான் இருக்காது.

அதற்கும் வழி உண்டு. கராஜிலேயே தொழில் பழகியவர் வேலையைச் செய்துகாட்டி, என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமையைப் பெறலாம். பலருக்கு இது தெரியாமலிருப்பதுதான் கவலை. முறையாகப் படிக்க விரும்பினால், பக்கத்திலேயே சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 2016இல் திறக்கப்பட்ட கிளிநொச்சி இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலும் வாகனத் தொழில்நுட்பம் கற்கலாம். ஜேர்மன் உறவு புதிதல்ல: 1958இல் பஸ்கள் அரசுடைமையான மறுவருடமே, அவற்றைத் திருத்துவோரைப் பயிற்றவென, இன்று மொறட்டுவையில் இயங்கும் பயிற்சி நிறுவகம் ஜேர்மனியரின் உதவியோடு தொடங்கிவிட்டது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி. இடையில் நாடே பழைய வண்டிகளில் ஓடியது. திருத்துகிறவரின் மவுசு ஏறாமலிருக்குமா?

ஆனால் ஹைபிரிட் வண்டியைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவது ஆபத்து. மூன்றாம் தலைமுறை பிரியஸின் பெரிய பற்றரி 201.6 வோல்ட். செம்மஞ்சள் வயர்களில் ஓடுவது உயர் மின்னழுத்தம். சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும், உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்க 10 நிமிடம் பொறுக்க வேண்டும். மின்காப்புக் கையுறையும் கட்டாயம். சாரமும் சிலிப்பருமாகச் செய்கிற வேலையல்ல இது.