நகலில் வராத நிறம்

மரபணு என்றாலே தலையெழுத்து என்று பொருள்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவிவிட்டது. அப்படி யாரேனும் பேசக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பூனை நினைவுக்கு வரும்.

நகலாக்கத்தில் பிறந்த முதல் பூனையான சிசி, 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் மூலப்பூனை ரெயின்போ. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூவண்ணம் கொண்டது. சிசியின் மேலோ செம்மஞ்சள் ஒரு திட்டுக்கூட இல்லை. பிரதி அதேதான், வாசிப்பு மாறிவிட்டது.

பெண் பூனையின் செல்களில் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. மயிரைச் செம்மஞ்சளாக்கும் மரபணு மாற்றம் இருப்பது எக்ஸில்தான். அது எந்த மரபணு என்று 2025இல்தான் தெளிவாயிற்று. மூவண்ணப் பூனைக்கு அம்மாற்றம் ஒரு எக்ஸில் மட்டுமே இருக்கும். கரு வளரத் தொடங்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றைப் பெரும்பாலும் மூடிவிடுகிறது. மூடப்படும் குரோமோசோமிலிருந்தே சுரக்கும் ஓர் ஆர்.என்.ஏ. அதன்மேல் போர்வையாகப் படர்ந்து அதை மௌனமாக்குகிறது. எதை மூடுவது என்பது தற்செயல். ஆனால் மூடியதை அச்செல்லின் வழிவந்தவை மறப்பதில்லை. சுண்டெலிகளின் திட்டுத்திட்டான நிறத்தைக் கொண்டு 1961இல் மேரி லயன் இதை ஊகித்தார்.

சிசிக்காக ரெயின்போவிடம் எடுத்த செல்லில் செம்மஞ்சள் எக்ஸ் மூடியிருந்தது. நகலாக்கம் அந்தப் பூட்டைத் திறக்கவில்லை.

இழந்த செல்லப்பிராணிக்குப் பெரும்பணம் கொடுத்து நகல் வாங்குவோர் இன்று இருக்கிறார்கள். அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா போனபின் தங்கையின் கையெழுத்திலும் இருமலிலும் அவளைத் தேடியவன் நான்.

அம்மாவும் இப்படி நெய்யப்பட்டவள்தான். பெண்ணுடல் எதுவாயினும், தாய்வழி எக்ஸ் பேசும் செல்களும் தந்தைவழி எக்ஸ் பேசும் செல்களும் விரவிய பரப்பு. அவளுடைய உடலில் தாத்தா பேசியது எங்கே, பாட்டி பேசியது எங்கே என்பதை அவளும் அறிந்ததில்லை. அதே எழுத்துகளை வைத்து முதலிலிருந்து தொடங்கினாலும் அத்திட்டுகள் வேறுவிதமாகவே விழும். எழுத்தைக் காப்பாற்றி வைக்கலாம். எந்தெந்த இடத்தில் அது பேசாமல் இருந்தது என்பது ஆளோடு போய்விடுகிறது.

சிசி குட்டிகள் ஈன்று, 18 ஆண்டுகள் வாழ்ந்து, 2020 மார்ச்சில் இறந்தது. கடைசிவரை அதன் மேல் செம்மஞ்சள் முளைக்கவே இல்லை.