கூரைக்கு அடியில் மறைந்தது

வீட்டுக் கூரை ஒழுகினால் மறுநாளே ஓடு மாற்றுகிறோம். காரின் கூரை நசுங்கினாலோ, பட்டி பூசிச் சாயமடித்தால் போதும் என்றெண்ணுவோர் நம்மில் பலர். இதுபற்றி நாம் கண்டறிந்ததை வாசக நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், பழனி மலைத்தொடரையும் விட்டுவைக்கவில்லை. கொடைக்கானலில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அங்கே நிறுத்தப்பட்டிருந்த நம் மைத்துனரின் கார்மீதும் பெருங்கிளையொன்று வீழ்ந்தது. உள்ளே எவருமில்லை, அல்ஹம்துலில்லாஹ்!

அக்காரை விற்றுவிட அவர் முன்பே எண்ணியிருந்தார். வீட்டில் இரு குமர்கள். மூத்தவளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம். வத்தலக்குண்டில் ஒரு பட்டறைக்கு நம்மையும் அழைத்துச் சென்றவர், “மச்சான், பட்டி போட்டால் மூன்று நாளில் வேலை முடியும். வாங்க வருபவர் கூரைமேல் ஏறியா பார்க்கப் போகிறார்?” என்றார்.

பட்டறைக்காரர் உள்துணியை அகற்றிக் காட்டினார். ஆழமில்லாத நசுங்கலாயின் ஒருபுறம் இரும்புக்கட்டையைத் தாங்கி, மறுபுறம் சுத்தியலால் தட்டிச் சீராக்கலாம். இங்கோ தகடு இழுபட்டு மடிந்திருந்தது. அதன் கீழுள்ள குறுக்குச் சட்டமும் வளைந்திருந்தது. இழுபட்ட தகடு பழைய வடிவுக்கு எளிதில் மீளாது. அதன்மேல் கனமாகப் பூசும் பட்டி, சமவெளியின் வெயிலிலும் ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரிலும் விரிந்து சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் மழைநீர் புகும். துரு உள்ளிருந்தே அரிக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ நேர்ந்தால், தூண்களோடு சேர்ந்து பாரத்தைத் தாங்க வேண்டியது அக்கூரையன்றோ?

தகட்டை மாற்றுவதாயின் முன், பின் கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும். வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டுப் பிரித்து, வளைந்த சட்டத்தைச் சீராக்கி, துருத்தடுப்புப் பூச்சிட்டு, புதுத் தகட்டைப் பழைய இணைப்புகளிலேயே பொருத்த வேண்டும். செலவு பன்மடங்கு.

நாம் மைத்துனரிடம் மார்க்கச் சட்டத்தை எடுத்துரைத்தோம். விற்பவர் தாமறிந்த ‘ஐப்’, அதாவது குறையை, மறைத்தல் ஆகாது. மறைத்திருந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. அதனையே ‘கியாருல் ஐப்’ என்பர். ஈரத் தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவர். தானியத்தின் ஈரம் பொருளை மட்டுமே கெடுக்கும்; கூரையின் குறை உயிரையும் வாங்கக்கூடும்.

மைத்துனர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “மாற்றியே விடுங்கள்” என்று பட்டறைக்காரரிடம் கூறினார். விற்கும்போது ரசீதையும் காட்டினார். வந்தவர் விலையைக் குறைத்தே கேட்டார், அவ்விலைக்கே கொடுத்தார். நிக்காஹ் விருந்து சிறிதாயிற்று. மணமகன் வீட்டார் முகம் சுளிக்கவில்லை.

பழைய கார் வாங்குவோர்க்கு ஒரு சொல்: துணி சுற்றிய சிறு காந்தத்தை இரும்புக் கூரைமேல் நகர்த்திப் பாருங்கள். பட்டி கனத்த இடத்தில் அதன் பிடி தளரும். கதவோர ரப்பரை விலக்கி, வெல்டிங் புள்ளிகள் சீராக உள்ளனவா என்றும் நோக்குங்கள். ஐயமெழுந்தால் விற்பவரிடம் நேரே வினவுங்கள்.