தாவாரத் தண்ணீர்

உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு வெள்ளைச் சுவர் நிலைக்காது. ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும். தாவாரத்தால் வடிகிற தண்ணீர் நிலத்தில் அடித்துத் தெறித்து, முழங்கால் உயரத்துக்குச் சுவரில் சிவப்புப் பட்டை இழுத்துவிடும். தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இவ்வளவு உறுதியாக நிற்பதற்குப் பக்தி மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

கறையை வெள்ளையடித்து மறைக்கலாம், அத்திவாரத்தை என்ன செய்வது? வருஷக்கணக்காக ஒரே கோட்டில் தண்ணீர் விழுந்தால் நிலம் பள்ளம் பறிந்து, அந்தப் பள்ளத்தில் நிற்கிற ஈரத்தைச் சுவர் உறிஞ்சத் தொடங்கும். எங்கள் சாமியறையில் சீமெந்துப் பூச்சு பொருமி, கையால் தட்டினால் உதிர்கிற நிலைக்கு வந்த பிறகுதான் கூரையை அண்ணாந்து பார்த்தோம். அப்பா காலத்துத் தகரப் பீலி நடுவில் தொய்ந்து கிடந்தது. அதற்குள் வேப்பஞ்சருகு மக்கி மண்ணாகி, அந்த மண்ணில் ஓர் ஆலங்கன்று நாலு இலை விட்டு நின்றது.

அப்பாவுக்கு முந்தியவர்கள் பனையைப் பிளந்து நடுவைக் குடைந்து பீலியாக வைத்தார்கள். நாற்சார் வீடுகளில் நாலு பக்கக் கூரையும் உள்முற்றத்தைப் பார்த்தே சரியும். நாலு மூலையிலும் கொட்டுகிற தண்ணீருக்குக் கிடாரமும் அண்டாவும் வைப்பார்கள். அந்தத் தண்ணீருக்கு மதிப்பு இருந்தது. சுண்ணக்கல்லுக்குள்ளால் வருகிற எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். மழைத்தண்ணீரில் பருப்புக் கெதியாக அவியும் என்று அம்மம்மா சொன்னது வெறும் நம்பிக்கையல்ல, தண்ணீரில் சுண்ணாம்பு குறைந்தால் பருப்பு உண்மையிலேயே விரைவாக அவியும்.

தகரத்தைக் கழற்றிவிட்டு பி.வி.சி. பீலி போடுவதென்று முடிவானது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றுக்குத் தகரம் நின்றுபிடிக்காது. உள்ளூரிலும் இனித் தகரம் அடிக்க ஆள் தேட வேண்டும். ஆனால் பிளாஸ்ரிக்குக்கும் ஒரு குணம் உண்டு. வெயிலுக்கு நீளும். விடியற்காலைக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையில் பீலி 30 பாகை சூடேறினால், 10 மீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் கூடும். எல்லாப் பொருத்தையும் பசை போட்டு இறுக்கிவிட்டால் அது எங்கேயாவது வளையும், அல்லது வெடிக்கும். றப்பர் வைத்த பொருத்தில் நீள்வதற்கு இடம் விட வேண்டும். கொழுக்கி இரண்டு அடிக்கு ஒன்று. வாட்டம் 10 மீற்றருக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் இருந்தால் போதும். கூடினால் பீலியின் ஒரு முனை ஓட்டை விட்டுக் கீழே போய், பெருமழையில் தண்ணீர் அதைத் தாண்டிப் பாயும். ஓட்டின் விளிம்பு பீலியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது நல்லது. எங்கள் மாரி வாடைக்காற்றோடு வருவது. வடகிழக்குப் பக்கத்துத் தாவாரத்தில் காற்று தண்ணீரைச் சுவருக்கே திருப்பி அடிக்கும்.

வேலைக்கு வந்த பெடியன் கெட்டிக்காரன். இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டி, தண்ணீர் நிரப்பிய மெல்லிய குழாயால் மட்டம் பார்த்துவிட்டு ஏணியில் நின்றபடி கேட்டான்: "அண்ணை, தண்ணிய எங்க விடுறது? றோட்டுக் கானுக்கே?"

எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். முற்றத்துக்குக் கல் பதித்து, பீலியால் வருகிற தண்ணீரைக் குழாயில் பிடித்துக் கேற்றுக்கு வெளியே தள்ளிவிட்டால் வீடு துப்புரவு. பிறகு ஒழுங்கையில் வெள்ளம் என்று பிரதேச சபையை ஏசலாம்.

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரிக்கு மட்டும் ஓடும். குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கிச் சேர்ந்த தண்ணீர். உப்புத் தண்ணீரின் மேல் அது மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடிக்கு உப்பைத் தள்ளிப்பிடிக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே என்ன நடக்கும் என்பதும் அதே கணக்குத்தான். 1,000 சதுர அடிக் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 93 லீற்றர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் பெய்கிற ஊர் இது. ஐந்தில் ஒரு பங்கு தெறித்தும் காய்ந்தும் போனாலும் மிஞ்சுவது தொண்ணூறாயிரம் லீற்றருக்கு மேல். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு வேண்டும் என்று திட்டம் வரைந்தார். 2024இல் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையம் திறந்தார்கள். இடையில் நாங்கள் கூரைத் தண்ணீரைக் கானுக்கு விட்டுக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்காபரோவில் இருக்கிற மச்சானிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். கூரைத் தண்ணீரும் கழிவும் ஒரே கானில் சேர்ந்து நிலவறைகளுக்குள்ளும் ஏரிக்குள்ளும் பொங்கியதால், ரொறன்ரோ மாநகரம் 2011 முதல் படிப்படியாக வீட்டுக் கூரைக் குழாய்களைக் கானிலிருந்து துண்டிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. அவன் வீட்டுக் குழாய் இப்போது புல்லுக்குள் விடுகிறது. பெரிய ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கே அந்தச் சட்டம்!

இலங்கையிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மழைநீர் சேகரிப்பை நகர அபிவிருத்திச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2007இல். நுளம்பு பெருக இடம் கொடுக்கக்கூடாது என்ற சட்டமும் அதே 2007தான். தண்ணீரைப் பிடி, ஆனால் தேங்க விடாதே. மார்கழி, தையில் டெங்குக் காலத்தில் வருகிற சுகாதாரப் பரிசோதகர் ஏணி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். தொய்ந்த பீலியை விட நுளம்புக்கு வசதியான இடம் வளவில் வேறில்லை.

கடைசியில் ஒரு குழாயைத் தொட்டிக்கும் மற்றதைக் கிணற்றடிக்கு இந்தப் பக்கம் வெட்டிய குழிக்கும் விட்டோம். கிணற்றுக்குள் நேரே விடச் சொன்னவர்களும் உண்டு. காகம் எச்சமிட்ட கூரையின் முதல் மழையை யார் குடிப்பது? முதல் தண்ணீரை வெளியே திறந்துவிட ஒரு மூடி வைத்தோம். குழியை மலசலகூடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வெட்டினோம். சுண்ணக்கல் வெடிப்புக்குள்ளால் தண்ணீர் வடிகட்டப்படாமலே ஓடும், கூடவே அழுக்கையும் கொண்டுபோகும்.

மிச்சமிருந்தது கோடிப்பக்கம். அங்கே கூரைவிளிம்பு வேலியோடு ஒட்டி நிற்கிறது, தண்ணீர் அடுத்த வளவுக்குள்தான் விழும். உரோமன் டச்சுச் சட்டப்படி உரிமை இல்லாமல் அயலவர் நிலத்தில் கூரைத் தண்ணீரை விழுத்த முடியாது. வேலிக்கு வழக்காடுகிற ஊரில் அதைச் சொல்லித் தரவும் தேவையில்லை. அதனால் அந்தப் பக்கமும் பீலி அடிக்கத் தொடங்கினால், வேலிக்கு அங்கால் இருந்து அன்ரி குரல் கொடுத்தா.

"தம்பி, அதை ஏன் மறிக்கிறியள்? என்ர இதரை வாழைக்கு அந்தத் தண்ணிதானே!"

பீலி அடித்தோம், குழாயின் வாயை வேலிக்குக் கீழால் அவவின் வாழைப் பாத்திக்குத் திருப்பிவிட்டோம். மேலதிகமாக ஒரு எல்போவும் ஆறடிக் குழாயும் போனது. காசு தரட்டோ என்று கேட்டா. குலை வெட்டும்போது பார்ப்போம் என்றேன்.