கித்தாருக்கும் சுருதி சேரும்

 

வெள்ளிக்கிழமை பஜனையில எலெக்ட்ரிக் கித்தார் வாசிக்கிற தம்பியைப் பத்திப் பெரியவங்க சில பேர் எங்ககிட்ட பேசினாங்க. "சுருதி சேராத வாத்தியம் சாமி முன்னால எதுக்கு?" அதைக் கேட்டு மனசு ஒடிஞ்ச தம்பி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில நம்ம பந்தல்ல வாசிக்க வரலன்னுட்டார். அதனாலதான் இந்த விளக்கம்.

நம்ம பஜனையில ஐயா பாடுறது ஒரு கட்டை. மேல்நாட்டுக் கணக்குல அது சி. கித்தாரோட தடிச்ச கம்பி வழக்கமா ஈ-யில நிக்கும். அதை நாலு அரைச்சுரம் இறக்கினா, அழுத்தாம மீட்டும்போதே ஆதார ஷட்ஜம் கிடைக்கும். தம்பி அப்படித்தான் இறக்கினார்.

ஆனா தளர்ந்த கம்பியை மெட்டுல அழுத்தினா சுரம் அதிகமா ஏறிடும். டியூனர்ல வெறும் கம்பி சரியா காட்டும். பன்னிரண்டாவது மெட்டுல வர்ற மேல் ஷட்ஜம் ஒட்டாது. பெரியவங்க காது கேட்டது உண்மைதான்.

இதுக்கு வழி, பிரிட்ஜ்ல கம்பி உட்கார்ற தாங்கியைப் பின்னால தள்ளிக் கம்பியோட நீளத்தைக் கூட்டுறது. தம்பி கித்தார்ல இருக்கிறது அசையாத, பூட்டு வெச்ச பிரிட்ஜ். கம்பியைத் தளர்த்தி, திருகைக் கழட்டி, தாங்கியை நகர்த்தி, மறுபடியும் சுருதி கூட்டிப் பார்க்கணும். அதுவும் கொஞ்ச தூரம்தான் நகரும்.

நாதஸ்வரத்துக்கும் இந்தக் கதை உண்டு. முன்னாடி திமிரிதான், குட்டையா, சுருதி தூக்கலா இருக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) சுருதியை இறக்க நினைச்சப்போ, சீவாளியை மாத்தினா மட்டும் போதல. குழலே நீளமாச்சு, துளைகளோட இடமும் மாறிச்சு. நரசிங்கம்பேட்டை ஆசாரி ரங்கநாதன் சுத்த மத்தியமம் சரியா பேசுற மாதிரி பாரி நாதஸ்வரத்தைச் செஞ்சு கொடுத்தார். இன்னைக்குக் கோயில்கள்ல நாம கேட்கிறது அந்தப் பாரிதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைச்சது. சுருதி இறங்கினா வாத்தியத்தோட அளவும் கூடவே மாறணும்.

இப்போ தம்பி தடிமன் கூடின கம்பி போட்டிருக்கார். அதனால சி-யிலயும் கம்பி விறைப்பா நிக்குது. தாங்கியையும் கடைசி வரைக்கும் தள்ளியாச்சு. போன வாரம் சுருதிப்பெட்டியோட வெச்சு மேல் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் கேட்டோம். சேருது.

வர்ற வெள்ளிக்கிழமை பஜனைக்கு எல்லாரும் வாங்க. முக்கியமா, குறை சொன்ன பெரியவங்க முன்வரிசையில உட்கார்ந்து கேளுங்க. சரியா இருந்தா, "நல்லா இருக்கு தம்பி"ன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. நாங்க சொல்றதைவிட உங்க வாயால வந்தாத்தான் அவர் பந்தலுக்கு வருவார்.