பேரேட்டுக்கும் மானம் உண்டு

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் சிற்றூர் ஒன்றில் நாம் பணியாற்றினோம். ஊரையும் பெயரையும் எழுதோம். ஒரு மாலை, கைம்பெண் ஒருவர் பங்கு இல்லத்துப் படியில் வந்தமர்ந்தார். மகளுக்கு வரன் கூடிவந்த வேளை அது. மானாவாரி உளுந்து பொய்த்துப் போனதால், தம் சங்கிலியைக் கடன் சங்கத்தில் அடகு வைத்திருந்தார். அச்செய்தி நிருவாகக் குழுவினர் ஒருவரின் வாயிலிருந்து தேநீர்க் கடைக்கும், அங்கிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கும் சென்றுவிட்டது. சம்பந்தம் முறிந்தது.

“சாமி, கடன் வாங்கினது தப்பில்ல, அதை அங்க வாங்கினதுதான் தப்பு” என்றார் அவர். அடுத்த முறை அவர் நாடியது கந்துவட்டிக்காரரை. வட்டி கொடிதெனினும், செய்தி வெளியேறாது என்று நம்பினார்.

அச்சொல் நம்மை வெகுநாள் உறுத்தியது. ஏழையரைக் கந்துவட்டியினின்று மீட்கவே கடன் சங்கங்கள் தோன்றின. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் தொடங்கிற்று. 1909-இல் இயேசு சபைக் குரு ஹாப்மன் அடிகளார், சோட்டாநாகபுரி ஆதிவாசி மக்களுக்கெனக் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் நிறுவியதும் அந்நோக்கத்திற்கே. காவாத நாவொன்று, மீண்டவரை மீண்டும் அக்குழியிலேயே தள்ளிவிடுகிறது.

பட்டணத்து வங்கியில் கணக்கர் அயலார். கிராமச் சங்கத்திலோ அவர் அடுத்த தெருக்காரர். கடன் மனுவை ஆராய்வோர், உறுப்பினரின் நிலம், வருவாய், பழைய பாக்கி யாவும் அறிந்தே ஆகவேண்டும். அறிவது கடமை, வெளியே உரைப்பது துரோகம்.

“பொதுப்பணத்தில் மறைவு எதற்கு?” என்பார் உளர். நியாயமான வினாவே. சங்கத்தின் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் பேரவையில் எல்லார் முன்னும் வைக்கப்பட வேண்டியவை. தனியொருவர் கணக்கோ அவருக்கே உரியது. கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில், உறுப்பினர் சிலரின் கணக்கு விவரங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே ஒருவர் கோரினார். அவற்றைத் தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது.

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க நடுவண் அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. முன்பு பேரேட்டைக் காத்தது பீரோவின் சாவி. கணினியில் அவ்வேலையைச் செய்வது கடவுச்சொல். அதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைப்பது, பேரேட்டைத் திண்ணையில் விரித்துவைப்பதற்கு ஒப்பாகும். உறுப்பினர்களும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை, கேட்பவர் எவராயினும் சொல்லலாகாது.

அவ்வூர்ச் சங்கத்தினர் நம்மைப் பேச அழைத்தபோது ஒன்றே கேட்டோம்: நகையின் எடையை வரிசையில் நிற்போர் காதுபட உரக்கக் கூறவேண்டுமா? மறு மாதமே மதிப்பீட்டாளரின் மேசை உள்ளறைக்கு மாறியது. பெயர் சொல்லிப் பேசுவதில்லை என்று குழுவினரும் உறுதி பூண்டனர்.

அந்தத் தாய் மீண்டும் அச்சங்கத்தின் படியேறினாரா? நாம் அறியோம். செயலாளரிடம் கேட்கவுமில்லை, கேட்க நமக்கு உரிமையும் இல்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்பதே நம் மகிழ்ச்சி.