ஒன்பது பதினாறு ஸ்பானர்

எங்கள் தோட்டத்தில் தேங்காய் ஏற்றும் பழைய மகிந்திரா பிக்கப்பில் இருப்பது எம்.டி.ஐ. எஞ்சின். நான்கு சிலிண்டர், 2523 சி.சி. ஒரு சிலிண்டரின் வாய் அகலம் 88.9 மில்லிமீட்டர், உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 101.6. எதற்கு இப்படி உடைந்த எண்கள் என்று அங்குலத்துக்கு மாற்றிப் பார்த்தால் மூன்றரை, நான்கு என்று சுத்தமாக வரும். 1960களில் மகிந்திரா, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்து இங்கே டிராக்டர் செய்யத் தொடங்கியது. அந்த டிராக்டர் எஞ்சின்களின் வம்சத்தில் வந்தது இது. மழை பெய்து இளகிய தோட்டத்துத் தடத்தில், சுமையோடு, முதல் கியரில், அவசரமே இல்லாமல் இது ஏறி வருவதைப் பார்த்தால் அந்த வம்சம் புரியும்.

பழைய அங்குலத்தின் தடம் போல்ட்டுகளிலும் மிச்சமிருக்கிறது. சில போல்ட் மில்லிமீட்டர், சில போல்ட் அங்குலம். ஒன்பது பதினாறு என்று பட்டறைகளில் சொல்லும் 9/16 அங்குலத் தலை 14.29 மில்லிமீட்டர். பதினாலு ஸ்பானர் நுழையாது. பதினைந்து நுழையும், ஆனால் பிடிக்காது. துருப்பிடித்த போல்ட்டில் பதினைந்தைப் போட்டு முழு பலத்தோடு இழுத்தால் மூலைகள் மழுங்கிவிடும். பிறகு உளி, சுத்தியல், வெல்டிங் என்று ஐந்து நிமிட வேலை ஒரு பகலைத் தின்னும். பழைய வண்டி வாங்கி, வேலையைத் தானே செய்து பழக நினைப்பவரிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: நல்ல அங்குல ரிங் ஸ்பானர் செட் ஒன்று வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த வண்டி எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இதன் கோளாறுகளுக்கு ஓர் இடம் உண்டு என்பது. போய்ப் பார்க்கலாம், தொடலாம். காலையில் ஸ்டார்ட் ஆகி, சில நொடி ஓடி, இருமி நின்றுவிடுகிறது என்று வையுங்கள். பெரும்பாலும் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும். ஆனால் லைன் முழுக்கக் கையால் தடவினாலும் ஈரமே இருக்காது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பொள்ளாச்சி மெக்கானிக் அண்ணன் இதை ஒரே கேள்வியில் விளக்கினார்: “டீசல் வெளிய கசிஞ்சாத்தானுங்க கண்ணுக்குத் தெரியும்? காத்து உள்ள போனா எப்படித் தெரியும்ங்க?”

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஒரு ரப்பர் ஓஸ் வெடித்திருந்தாலோ, ஒரு வாஷர் தேய்ந்திருந்தாலோ, எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது. வெளிக்காற்றுதான் உள்ளே இழுபடும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, பம்புக்குச் சற்று முன்னால் ஓஸை வெட்டி, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் ஒரு சாண் நீளம் தற்காலிகமாக மாட்டுவேன். மகள் டார்ச் பிடிப்பாள். “குமிழி வருதுப்பா” என்று அவள் சொன்னால் கோளாறு டேங்க் பக்கம். குமிழி இல்லாமல் ஓடினால் அதற்கு அப்பால். ஒவ்வோர் இணைப்பாகத் தேடுதலைச் சுருக்கிக்கொண்டே போகலாம்.

குற்றவாளி பெரும்பாலும் ஒரு செப்பு வாஷராக இருக்கும். இறுக்க இறுக்கச் செம்பு கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து அடைக்காது. புதியது போடுவதே சரி. இரவு நேரம், கடை மூடிவிட்டது என்றால், பழைய வாஷரைக் கேஸ் அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும். இரும்பைப் போல இறுகாமல் செம்பு இளகிவிடும். மேலே படிந்த கருப்பைப் பொடி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினால் மறுபடி அடைக்கும். பிறகு ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்தால் முடிந்தது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இன்ஜெக்டர் பக்கத்து இரும்புக் குழாய்களில் எஞ்சின் சுற்றும்போது விரலை வைத்துப் பார்க்கக் கூடாது. அங்கே பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி முனையளவே தெரியும். அதற்காகச் சும்மா விட்டால் விரலே போகக்கூடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியது அது.

பழுதுபார்ப்பது என்றால் தேய்ந்ததை அதன் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. மாற்றம் செய்வது அப்படியல்ல, அளவையே மாற்றுவது. மாற்றிய பாகம் தன் சுமையை அடுத்த பாகத்தின் மேல் தள்ளும். அந்த அடுத்த பாகம் தாங்குமா என்று கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

முகப்பு விளக்கைப் பாருங்கள். பழைய வண்டியில் வெளிச்சம் மங்கல் என்றதும் நூறு வாட் பல்பு போடச் சொல்வார்கள். பிரைட்டில் 60 வாட் பல்பு இரண்டு எரிந்தாலே 12 வோல்ட்டில் பத்து ஆம்பியர் ஓடுகிறது. அது முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாக, வயதான ஒயர் வழியாகப் போகிறது. பெரிய பல்பு போட்டால் ஸ்விட்சும் ஹோல்டரும் உருகும்; எதிரே வருபவர் கண்ணும் கூசும். மங்கலுக்குக் காரணமோ பல்பு அல்ல, வழியில் தொலையும் வோல்ட். பல்புக்குப் போய்ச்சேரும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். ஆகவே பல்பைத் தொடாமல், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த ஒயர் இழுத்து, இரண்டு ரிலே போட்டேன். ஸ்விட்ச் இப்போது ரிலேயைத் தூண்டும் சிறு மின்சாரத்தை மட்டும் சுமக்கிறது. எர்த்தையும் துருவேறிய தகரத்தில் விடாமல் தனி ஒயரில் பேட்டரிக்கே கொண்டுபோனேன். அதே பல்பு, புது வண்டி போல எரிகிறது. இந்த மாற்றத்தில் எந்தப் பாகத்துக்கும் சுமை கூடவில்லை, ஸ்விட்சுக்குக் குறைந்தது. அதனால் இதை மனநிறைவோடு யாருக்கும் சொல்வேன்.

பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுவது இதற்கு நேர் எதிர். சரக்கு வண்டி வைத்திருக்கும் பத்துப் பேரைக் கேட்டால் பாதிப்பேர் அதைத்தான் முதலில் செய்திருப்பார்கள். சுமை ஏற்றினாலும் வண்டி அமுங்காது, பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஆக்ஸில் அதேதான், டயர் அதேதான், பிரேக் அதேதான். பட்டை வளைந்து வாங்கிக்கொண்ட அடி இனி ஷேக்கிளுக்கும், சேஸிஸில் அடித்த ரிவெட்டுக்கும் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலையும் சேஸிஸையும் ஒரு கம்பி இணைக்கும். அதன் மேல்நுனியில் ஒரு வால்வு. வண்டி அமுங்கினால் சுமை இருக்கிறது என்று அறிந்து பின் சக்கரங்களுக்கு பிரேக் அழுத்தத்தைக் கூட்டும். காலியாக நிமிர்ந்திருந்தால், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலாதபடி அழுத்தத்தைக் குறைக்கும். கூடுதல் பட்டை போட்ட வண்டி முழுச் சுமையிலும் நிமிர்ந்தே நிற்கும். வால்வு அதைக் காலி வண்டி என்று எடுத்துக்கொள்ளும். அதிகம் பிரேக் வேண்டிய நேரத்தில் பின் சக்கரத்துக்குக் குறைவாகக் கிடைக்கும். இறக்கத்தில் தேங்காய் லோடோடு வருபவருக்கு இது உயிர் விஷயம்.

ஸ்பிரிங்குக்குச் செய்ய வேண்டியது வேறு. பட்டைகளை ஆக்ஸிலோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டுகளை அவ்வப்போது சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவை தளர்ந்தால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து, நடுவிலுள்ள சென்டர் போல்ட் அறுபடும். ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் தள்ளி, வண்டி நண்டு போலக் கோணலாக ஓடும். ஒரு ஸ்பானரும் கொஞ்ச நேரமும் இருந்தால் போதும். புது பட்டைக்குச் செலவழிக்கும் பணத்தில் இதற்கு ஒரு துளியும் ஆகாது.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எஃப்.சி.க்குப் போகும்போது இடைஞ்சல் என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த வால்வின் வேலையைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அலுத்துக்கொள்ள முடியவில்லை.

துருவைப் பற்றிச் சுருக்கமாக: உர மூட்டை ஏற்றிய அன்றே தொட்டியைத் தண்ணீரடித்துக் கழுவுங்கள், கதவின் அடியிலுள்ள சிறு துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள், கேபினில் ரப்பர் பாயைத் தூக்கித் தகரத்தைப் பாருங்கள்.

டீசல் பம்பைத் திறந்து அளவு வைக்கும் வேலையை மட்டும் நான் வீட்டில் செய்வதில்லை. நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் போகிறதா என்பதை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பம்ப் கடைக்காரரின் கையும் கருவியும் வேண்டும். மற்றபடி செய்ததையெல்லாம் டேஷ்போர்டில் கிடக்கும் நோட்டில் எழுதிவைக்கிறேன்: எந்த வாஷர் எப்போது மாறியது, எந்தப் போல்ட் அங்குலம், எது மில்லிமீட்டர், ரிலேயின் எந்தக் காலுக்கு எந்த நிற ஒயர், ஃபியூஸ் எத்தனை ஆம்பியர். நாளை இரவில் வழியில் விளக்கு அணைந்தால் பானட்டைத் திறப்பது நானாக இருக்க வேண்டியதில்லை. டிரைவரோ மகளோ, யாரானாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒயரைத் தேடிப் பிடிக்கலாம்.